சாமியார் இல்லாத இறந்தோர் பூசை

1

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஜெர்மனியில் இருக்கிறவனெல்லாம் இன்ஜினியர் இல்லை. நான் பத்தாம் வகுப்பு. என் மனைவி பிலோமினா நர்ஸ். அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தவன் நான். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் சமையலறையில் எனக்கும் ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள். நோயாளிகளுக்கு உப்பில்லாத உருளைக்கிழங்கு அவித்துக் கொடுக்கிறேன். டாக்டர்களுக்கும் அதையேதான் கொடுக்கிறோம். அவர்கள் அதை ருசித்துச் சாப்பிடுகிறார்கள். இந்த நாட்டைப் பற்றி எனக்கு இருக்கும் சந்தேகங்கள் எல்லாம் அங்கேதான் தொடங்கின.

எங்கள் அப்பா சவரிமுத்து இறந்தது ஒரு நவம்பர் மாதத்தில். சிறுமலை வாழைப்பழத்தை ஏலத்தில் எடுத்துத் திண்டுக்கல் மார்க்கெட்டில் விற்றவர். கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் முழுக்க இறந்தவர்களின் மாதம். வருஷா வருஷம் அந்தத் தேதியில் ஊரில் அக்கா பூசை கொடுப்பாள். பூசை கொடுப்பது என்றால் என்ன என்று மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காணிக்கையோடு இறந்தவரின் பெயரையும் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். பூசையின்போது சாமியார் மைக்கில் 'சவரிமுத்து ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று வாசிப்பார். அந்த ஒரு வரிக்காகக் குடும்பமே குளித்து, தலைவாரி, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். வாசித்து முடித்ததும் அக்கா மூக்கை உறிஞ்சுவாள். அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும்.

இந்த வருஷம் அக்கா வீட்டுக்காரர் இன்னாசி மச்சான் போன் பண்ணினார். கல்யாணம், சாவு, சப்பரம் என்று எல்லாவற்றுக்கும் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவர்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும். வந்திருக்கிற புதுச் சாமியாரு பேரெல்லாம் வாசிக்கிறதில்ல."

"ஏன் மச்சான்?"

"நவம்பர் மாசம்ல. பேரு மூடை மூடையா வருதாம். அம்புட்டையும் வாசிச்சா பூச முடிய மத்தியானமாயிருதாம். ஒப்புக்கொடுத்த எல்லாருக்காகவும்னு ஒத்த வார்த்தையில முடிச்சிட்டுப் போயிர்றாரு. பேர வாட்ஸ்அப் குரூப்புல போட்டுருவாங்க."

"வாட்ஸ்அப்புல போட்டா மோட்சத்துக்குப் போய்ச் சேந்துருமா?"

"ரெண்டு கோடும் நீலமாச்சுன்னா சேந்துருச்சுன்னு வச்சுக்க."

அவருக்குச் சிரிப்பு. எனக்கு வரவில்லை. உயிரோடு இருந்தவரை மார்க்கெட் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தி விற்றவர் என் அப்பா. அவர் பெயரைச் சொல்ல வருஷத்துக்கு ஒருமுறை ஒரு வாய் திறக்க வேண்டும் என்றுதானே கேட்கிறோம். அங்கே திறக்காவிட்டால் இங்கே திறக்கட்டும் என்று முடிவு செய்தேன். அந்தத் தேதியில் இங்கே ஒரு பூசை, அதில் அப்பா பெயர், பக்கத்தில் என் மகள் ஜெசிந்தா. இவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

2

இந்த மூன்றில் மகளைக் கொண்டு வருவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். பூசை அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

நாங்கள் வந்த புதிதில் தெருமுனையிலேயே ஒரு கோயில் இருந்தது. ஆள் வரவில்லை என்று அதை மூடிவிட்டார்கள். மூடியதை இடித்தார்களா என்றால் அதுவும் இல்லை. பீடத்தை எடுத்துவிட்டு, அதைப் பண்பாட்டு அரங்கம் ஆக்கிவிட்டார்கள். ஞானஸ்நானத் தொட்டி இருந்த இடத்தில் இப்போது கோட்டு மாட்டும் கம்பி. சாமியார் உட்கார்ந்து பாவம் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டி இருந்த மூலையில் காப்பி மெஷின். முன்பு அந்த மூலையில் வரிசை நின்று நான் பார்த்ததே இல்லை. இப்போது நிற்கிறது.

நாலு கோயில்களுக்குச் சேர்த்து ஒரே பங்கு அலுவலகம். எங்களுக்குப் பங்கு என்றால் கோயிலும் அதைச் சேர்ந்த ஜனங்களும். செவ்வாயும் வியாழனும் காலையில் மட்டும் திறந்திருக்கும். அப்பாவின் தேதியைச் சொன்னதும் அங்கிருந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்:

"அந்த வெள்ளிக்கிழமை எந்தக் கோயிலிலும் பூசை இல்லை. ஜனவரியில் ஒரு புதன்கிழமை காலியாக இருக்கிறது."

"என் அப்பா நவம்பரில் இறந்தார்."

"பரவாயில்லை," என்றார் அந்த அம்மாள், பெருந்தன்மையாக.

இப்படிப்பட்ட பெருந்தன்மை இங்கே எனக்குப் பழக்கம்தான். வந்த புதிதில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் ஒருவர் என் பெயருக்கு முன்னால் இருந்த 'ச' என்ற எழுத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். இனிஷியல், அப்பாவின் பெயர் என்றேன். எங்களிடம் அதற்குக் கட்டம் இல்லை என்று சொல்லி எடுத்துவிட்டார். ஆரோக்கியசாமி என்ற என் பெயரே குடும்பப் பெயர் ஆனது. என் மகள் ஜெசிந்தா ஆரோக்கியசாமி ஆனாள். ஒரு எழுத்துத்தானே என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

போன வருஷம் ஒரு சங்கீத வகுப்பில் நான் போய் விழுந்ததும் இதே மாதிரி ஓர் அலுவலகத்தின் புண்ணியத்தால்தான். சமையலறையில் ஒரு படி மேலே போக வேண்டுமானால் மொழி வகுப்பில் இத்தனை மணி நேரம் உட்கார்ந்ததற்குச் சான்று வேண்டும் என்றார்கள். மாலை வகுப்பு நடத்தும் இடத்துக்குப் போனேன். மொழி வகுப்பு நிரம்பிவிட்டது. ஜெர்மன் மொழியில் நடக்கும் எந்த வகுப்பும் கணக்கில் சேரும் என்றார் அங்கிருந்தவர். பாக்கி இருந்தவை மூன்று: மண்பாண்டம் செய்வது, யோகா, 'மேற்கத்திய இசை வரலாறு: தொடக்கநிலை'. யோகாவுக்குப் போகலாம் என்றுதான் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்ததும் வாத்தியார் வேலைக்கு வந்தவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அப்படித்தான் சங்கீதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

3

டீச்சர் பெயர் ரெனாட்டே. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நாம் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், அவ்வளவு நிதானம். மொழி கற்க வந்தவனுக்கு இதைவிட நல்ல டீச்சர் கிடைக்கமாட்டார். வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள். ஒரு அம்மாள் முழு நேரமும் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே இருந்தார்.

முதல் நாள் டீச்சர் ஒரு ஒலித்தட்டைப் போட்டார். மேற்கத்திய சங்கீதமெல்லாம் இங்கிருந்துதான் புறப்பட்டது என்று பீடிகை போட்டார். பக்கவாத்தியம் எதுவும் இல்லை. சந்நியாசிகள் எல்லோரும் ஒரே குரலில், இழுத்து இழுத்து லத்தீனில் பாடினார்கள். எனக்குச் சிலிர்த்தது. ஏனென்றால் இது எங்கள் அப்பா குழாயடியில் குளிக்கும்போது பாடியது.

அப்பா சின்னப் பையனாக இருந்த காலத்தில் திண்டுக்கல் பக்கம் பூசை லத்தீனில்தான் நடந்தது. சாவுப் பூசைக்குப் பாட ஒரு வெள்ளைக்காரச் சாமியார் பையன்களைப் பழக்கினாராம். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் மறக்கவில்லை. சாகும்வரை சோப்புப் போட்டுக்கொண்டே பாடுவார், பழம் கூவுகிற அதே குரலில்.

கையைத் தூக்கிவிட்டேன். டீச்சருக்குச் சந்தோஷம். தெரியுமா, பாடுங்கள் என்றார். எழுந்து நின்று, அப்பா பாடியபடியே பாடினேன். பின்னிக்கொண்டிருந்த அம்மாளின் ஊசிகள் நின்றன. முடித்ததும் டீச்சர் சொன்னார்:

"சுவாரசியமாக இருக்கிறது."

இந்த ஊரில் சுவாரசியம் என்றால் தப்பு என்று அர்த்தம். மிகவும் சுவாரசியம் என்றால் வெளியே போ என்று அர்த்தம். எனக்கு முதலாவது கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் இன்னாசி மச்சானுக்குப் போன் பண்ணிப் பாடிக்காட்டினேன்.

"முத வரி சரி மாப்ள. ரெண்டாவது வரியில மாமா, மாப்பிள்ளை அழைப்புக்கு நாங்க வாசிக்கிற மெட்டக் கொண்டாந்து சேத்துருவாரு. எத்தன தடவ சொல்லியிருக்கேன். கேட்டாத்தான."

ஆக, அப்பா சாவுப் பாட்டையும் கல்யாணப் பாட்டையும் ஒரே தாம்பாளத்தில் வைத்திருக்கிறார். அதைத்தான் நான் ஜெர்மானியர்களுக்குப் பாடிக் காட்டியிருக்கிறேன்.

அதன்பிறகு நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்குப் புரிந்த அளவில் வரலாற்றைச் சொல்கிறேன். பெயர்களைத் தமிழில் எழுதினால் ஆளுக்கு ஒரு மாதிரி உச்சரிப்பார்கள் என்பதால், நான் மனதுக்குள் வைத்துக்கொண்ட பட்டப்பெயர்களையே எழுதுகிறேன். திண்டுக்கல்லில் பட்டப்பெயர் இல்லாதவன் யார்?

முதலில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடினார்கள். பிறகு ஒருவன் அதற்குமேலே வேறொரு மெட்டைப் பாடினான். ஒருவன் ஒன்று பாடும்போது இன்னொருவன் வேறொன்றைப் பாடினால் நம் ஊரில் அதற்குப் பெயர் சண்டை. இங்கே அதற்கு ஒரு இலக்கணம் எழுதி, முந்நூறு நானூறு வருஷம் அதையே வளர்த்திருக்கிறார்கள். சாமிக்கு வார்த்தை புரியவில்லை என்று பெரியவர்கள் நடுவில் தடுத்துப் பார்த்தார்களாம். சாமி ஏதும் புகார் சொன்னதாக டீச்சர் சொல்லவில்லை.

பிறகு இருபது பிள்ளைக்காரர் வந்தார். கோயிலில் வேலை. சில வருஷம் ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு புதுப் பாட்டு எழுதினாராம். அத்தனை பிள்ளை இருக்கிற வீட்டில் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்பதுதான் எனக்கு அதிசயம். எங்கள் பங்கில் நான் கல்யாணம் முடித்த வருஷம் பாடிய காணிக்கைப் பாட்டைத்தான் இன்றைக்கும் பாடுகிறார்கள். அதற்குள் கீபோர்டை மட்டும் மூன்று முறை மாற்றிவிட்டார்கள்.

அடுத்தவர்தான் எனக்குப் பிடித்தவர். ஊர்சுற்றிப் பையன். சின்ன வயதிலேயே தகப்பன் அவரை ஊர் ஊராகக் கூட்டிப் போய் வாசிக்கவைத்தார். பெரியவனானதும் ஒரு மேற்றிராணியாரின், அதாவது பிஷப்பின், அரண்மனையில் வேலை. அங்கே அவரைச் சமையல்காரர்களோடு உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள் என்று டீச்சர் குரல் தழுதழுக்கச் சொன்னார். வகுப்பே உச்சுக்கொட்டியது. சமையல்காரனாகிய எனக்கு அதில் என்ன அவமானம் என்று விளங்கவில்லை. பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குச் சூடாகவாவது கிடைத்திருக்கும்.

அவருக்குப் பின்னால் காது போனவர் வந்தார். அவரிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. அதுவரை எடுபிடியாக இருந்த பாட்டுக்காரன் சாமி ஆகிவிட்டான். முன்பெல்லாம் சபையில் ஜனங்கள் சாப்பிட்டார்களாம், சீட்டு விளையாடினார்களாம், பேசினார்களாம். இப்போது மூச்சுக்கூட விடக்கூடாது. ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்குவதற்கு முன்னால் செத்த நேரம் நிறுத்துவார்கள். அப்போது கைதட்டக்கூடாது. இருமலாம். அதுவரை அடக்கிவைத்திருந்த இருமலையெல்லாம் அரங்கமே அந்த இடைவெளியில் இருமித் தீர்க்கும். கோயிலில் முழங்காலிடுவதை விட்டுவிட்ட ஜனங்கள் கச்சேரியில் இவ்வளவு பயபக்தியோடு இருமுகிறார்கள்.

கடைசி வகுப்பில் இந்தக் காலத்துச் சங்கீதம் என்று ஒன்றைப் போட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் தட்டு கழுவுகிற இயந்திரத்தின் சத்தம் அப்படியே இருந்தது. நான் மட்டும்தான் ரசித்துக் கேட்டேன். பழகிய சத்தம்.

4

ஜெசிந்தா கோயிலுக்கு வருவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை என்பது அவளுக்குத் தூங்குகிற நாள். ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாமல் ஒரு பாடகர் குழுவுக்குப் போவாள். அங்கே என்ன பாடுகிறாள் என்று நான் கேட்டதே இல்லை. ஒருநாள் துணி மடித்துக்கொண்டே பாடினாள். கேட்டால் அப்பா காலத்து வார்த்தைகள். 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்பதைத்தான் கால் மணி நேரமாக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இது பூசைப் பாட்டுல்ல?"

"ஆமாப்பா. இறந்தவங்களுக்கான பூசை. நவம்பர்ல பாடுறோம்."

"நீதான் கோயிலுக்கே வரமாட்டேங்கிறியே."

"இது வேற. இது மியூசிக்."

"இரக்கமாயிரும்னு யார்கிட்டக் கேக்குற அப்ப?"

"யார்கிட்டயும் இல்ல. பாட்டுல அப்படி இருக்கு."

பிலோமினா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, அவ பாடவாச்சும் செய்யிறா. நீங்க கேள்வி கேட்டுக் கேட்டு அதையும் நிறுத்திப்புடாதீங்க."

விசாரித்ததில், எழுதியவர் நம் ஊர்சுற்றிப் பையன்தான். இறந்தவர்களுக்கான பூசைப் பாட்டை எழுதிக்கொண்டிருக்கும்போதே தானும் இறந்துவிட்டார். மீதியைச் சிஷ்யர் ஒருவர் எழுதி முடித்துக் கொடுத்தாராம். நடக்கும் இடம்: தெருமுனையில் மூடிய அதே கோயில். நாள்: அப்பாவின் தேதி, வெள்ளிக்கிழமை, சாயங்காலம்.

எனக்கு மளமளவென்று எல்லாம் பொருந்தி வந்தது. இறந்தோர் பூசை, அப்பாவின் நாள், கோயில் கட்டடம், பாடுகிறவள் அப்பாவின் பேத்தி. ஜனவரிப் புதன்கிழமையைத் தூக்கிப் போடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கச்சேரி என்று அவள் சொன்னது காதில் விழாமல் இல்லை. பாடுகிறவர்கள் அதைக் கச்சேரி என்பார்கள், ஆனால் பூசைப் பாட்டு முழுக்கப் பாடுகிறார்கள் என்றால் பூசை வைக்க ஒரு சாமியார் வராமலா இருப்பார் என்று நினைத்தேன். சப்பரத்துக்கு முன்னால் இன்னாசி மச்சான் வாசிப்பார். சப்பரமே இல்லாமல் அவர் தெருவில் வாசித்துக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை.

அன்றைக்குப் பிலோமினாவுக்கு டூட்டி. கிளம்பும்போது என் சட்டைக் காலரைச் சரிபண்ணிவிட்டு, "அங்க போயி எதுவும் பேசாம, சும்மா உக்காந்துட்டு வாங்க" என்றாள். பதினாறு வருஷம் ஜெர்மன்காரர்களுக்கு நடுவில் என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தவள். அவளுக்குத் தெரியும்.

5

வாசலுக்குப் பக்கத்தில் முன்பு கோயில்பிள்ளை உட்கார்ந்திருந்த ஜன்னலில் டிக்கெட் கொடுக்கிற பெண் இருந்தாள். இடம் அதுதான் என்பதால் நேராகப் போய்க் கேட்டேன்.

"இறந்தவர் பெயரை யாரிடம் கொடுக்க வேண்டும்?"

"யார் பெயரை?"

"என் அப்பா. இன்றைக்கு அவருடைய நாள்."

"அவருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறீர்களா?"

"அவர் இறந்துவிட்டார்."

அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. உண்மையிலேயே வருத்தப்பட்டாள். "என் ஆழ்ந்த அனுதாபங்கள். வர முடியாதவர்களின் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க, பக்கத்து ஜன்னல்."

செத்தவனுக்கும் ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்களே என்று இந்த நாட்டை ஒருகணம் மெச்சினேன். பின்னால் நின்றவர்கள் கோபத்தைக் காட்டாமல் கோபப்பட்டார்கள். இந்த ஊரில் அது ஒரு கலை. சரி, சாமியாரிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே போனேன்.

பழக்கதோஷத்தில் வலதுகால் முட்டி மடங்கியது. பீடம் இருந்த பக்கம் பார்த்தால் வயலின்கள். மேலே படிப்படியாகப் பாடகர் குழு, எல்லோரும் கறுப்பு உடுப்பு. இரண்டாம் வரிசையில் ஜெசிந்தா. என்னைப் பார்த்தாள். நானும் கையை ஆட்டினேன். வேறு யாரையோ தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோட்டுப் போட்ட ஒருவர் மைக் முன்னால் வந்து ஒரு தாளைப் பிரித்தார். இதோ பெயர் வாசிக்கப் போகிறார், கடைசி நேரத்திலாவது போய்ச் சொல்லிவிடலாமா என்று பாதி எழுந்துவிட்டேன். அவர் வாசித்தார்: ஒரு வங்கி. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. கார் விற்கிற கடை. கண்ணாடிக் கடை. இவர்களுடைய தாராள உதவிக்கு நன்றி என்று ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி நிதானமாக, மரியாதையோடு வாசித்தார். சபை கைதட்டியது. இறந்தோர் பூசையில் வாசித்த பெயர்களில் ஒருவர்கூட இறந்தவர் இல்லை. எல்லோரும் திடகாத்திரமாக இருக்கிறார்கள்.

பிறகு குச்சிக்காரர் வந்தார். குச்சியை வீசி நடத்துகிறவரை நான் அப்படித்தான் அழைப்பேன். அவர் நேராகப் பீடம் இருந்த இடத்தில் போய், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அப்பா காலத்துச் சாமியார்களும் அப்படித்தான் நிற்பார்களாம். ஆனால் அவர்களுக்கு முன்னால் சாமி இருந்தது.

பாட்டைப் பற்றிக் கிண்டலாக எழுத எனக்கு வரவில்லை. அதை அப்படியே விட்டுவிடுகிறேன். கீழே வாத்தியங்கள் யாரோ மெதுவாக நடந்து வருகிற மாதிரி ஆரம்பித்தன. மேலே குரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அதில் ஒரு குரல் என் மகளுடையது என்று தெரியும், எது என்று தெரியாது. முட்டிபோட இடம் இல்லாத நாற்காலி வரிசையில் என் முட்டிகளை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்கிற பாட்டு வந்தது, கடைசித் தீர்ப்பு நாளின் பயம் வந்தது, அழுகிற பாட்டு வந்தது. சாமியார் மட்டும் வரவில்லை. அழுகிற பாட்டு முடிகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, இனி வரமாட்டார் என்று ஒருவழியாக விளங்கிக்கொண்டேன்.

அப்போது இடைவெளி வந்தது. குச்சிக்காரர் கையைக் கீழே போட்டார். அரங்கம் முழுக்க இருமல். இடது பக்கம் இருமினார்கள், வலது பக்கம் பதில் இருமினார்கள். பிறகு எல்லோருமாக நிறுத்தினார்கள். குச்சி மேலே போவதற்கு முன்னால் ஊசி விழுந்தால் கேட்கிற மௌனம். எங்கள் பங்கில் சாமியார் பெயர் வாசிப்பது சரியாக இப்படி ஒரு மௌனத்தில்தான்.

நான் சொல்லிவிட்டேன்.

"சவரிமுத்து."

கத்தவில்லை. ஆனால் கோயில் என்று கட்டிய கட்டடம் கோயில் மாதிரிதான் வேலை செய்யும். மேலே வளைவில் முட்டி, பின்சுவரில் முட்டி, அப்பா பெயர் இரண்டு முறை திரும்பி வந்தது. குச்சிக்காரர் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் தலைகள் திரும்பின. நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயசான அம்மாள் கைப்பையைத் திறந்து, என் உள்ளங்கையில் ஒரு இருமல் மிட்டாயை வைத்துக் கையை மூடிவிட்டார்.

குச்சி மேலே போனது. மிட்டாய் புதினா.

6

திரும்பும்போது டிராமில் ஜெசிந்தா எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்காரவில்லை.

"ஏன்ப்பா இப்படிப் பண்றீங்க?"

"தாத்தாவோட நாளும்மா இன்னைக்கு."

"இடையில யாரோ கத்துனாங்க, யார் அதுன்னு எல்லாரும் கேட்டாங்க. ஹாலுக்குள்ள ஒரு இந்தியர்தான் இருந்தார். என்னையத்தான் பாத்தாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

ஆண்டவரைத் தெரியாது என்று சீடர் மறுதலித்தபோது சேவல் கூவியதாக வேதத்தில் வரும். சேவல் கூவுகிற நேரமும் இல்லை அது. ஜன்னலில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு நிறுத்தம் கழித்து அவளே கேட்டாள்.

"சவரிமுத்துன்னா என்ன?"

"என்னன்னா?"

"என்ன அர்த்தம். ஏதாவது பிரேயரா?"

"தாத்தாவோட பேரும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு லீவில் ஊருக்குப் போய், அவர் மடியில் உட்கார்ந்து பழம் தின்றவள். சிறுமலைப் பழத்தின் தோல் எவ்வளவு சின்னது என்பதுவரை ஞாபகம் வைத்திருக்கிறாள். அவளுக்கு அவர் தாத்தா, அவ்வளவுதான். பேர் என்ன என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. என் பெயருக்கு முன்னால் அந்த ஒரு எழுத்து இருந்திருந்தால், இது என்ன என்று என்றைக்காவது கேட்டிருப்பாள்.

"சவரி..." என்றாள்.

"முத்து."

"சவரிமுத்து," என்றாள். 'ரி'யை ஜெர்மன்காரர்களைப் போலத் தொண்டையில் வைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

வீட்டு வாசலில் பூட்டைத் திறக்கும்போது சொன்னாள், "நாளைக்கும் கச்சேரி இருக்கு. நீங்க வரவேண்டாம்ப்பா. ப்ளீஸ்."

"எனக்கு நாளைக்கு சமையலறையில வேலை," என்றேன். அது உண்மைதான்.

சனிக்கிழமை வேலை முடித்து நான் வந்தபோது அவள் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தாள். கறுப்பு உடுப்பைக்கூட மாற்றாமல் அடுப்படியில் நின்று சோற்றைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தாள். வெஞ்சனம் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தாள். பிலோமினா தூங்கிவிட்டாள்.

"எப்படிம்மா போச்சு?"

"நல்லாப் போச்சு. இன்னைக்கு யாரும் ஒண்ணும் கத்தல."

"சரி."

தட்டில் சோற்றைப் போட்டாள். எனக்கு முதுகைக் காட்டித்தான் நின்றாள்.

"அந்த இடைவெளி வந்துச்சு. எல்லாரும் இருமி முடிச்சாங்க. நான் சொன்னேன். சத்தமா இல்ல."

"யாருக்கும் கேட்டிருக்காதே அப்ப."

"பக்கத்துல நிக்கிறவளுக்குக் கேட்டிருச்சு. யாரு அதுன்னு அப்புறம் கேட்டா."

"என்ன சொன்ன?"

"எங்க தாத்தான்னு சொன்னேன்." குழம்பை ஊற்றினாள். "உப்பே இல்லப்பா இதுல. ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு."

மறுநாள் ஞாயிறு. பூசைக்குக் கிளம்பிக்கொண்டு அவள் அறைக் கதவு வரைக்கும் போனேன். உள்ளே நல்ல தூக்கம். தட்டலாமா என்று கையைத் தூக்கிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் படியிறங்கிப் போனேன்.